பெயருக்கு விட்ட இடம்

வடசென்னையின் வட்டச் செயலாளர்களுக்கும், பகுதிப் பிரதிநிதிகளுக்கும், பாக முகவர்களுக்கும். தோளில் கிடக்கும் துண்டின் நிறம் எதுவானாலும்.



சுவரெழுத்துக்கு இவ்வளவு கெடுபிடி வராத காலத்தில், தேர்தல் வருகிறது என்பதைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் முதலில் சொன்னவை சுவர்கள்தான். ராத்திரியில் ஏணியும் சுண்ணாம்பு வாளியுமாக வருவீர்கள். வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரைப் போட்டுச் சுவரைப் பிடித்துவைப்பீர்கள். சில நாளில் சின்னம் வரும். சின்னத்துக்குக் கீழே ‘வெற்றி வேட்பாளர்’ என்று எழுதிவிட்டு, அதற்கும் கீழே இரண்டு முழத்துக்கு வெறும் வெள்ளையாக விட்டுவிட்டுப் போவீர்கள். வாரக்கணக்கில் அது அப்படியே கிடக்கும். மாடு உரசும், பையன்கள் கரியால் ஸ்டம்ப் வரைவார்கள். ஒருநாள் சாயங்காலம் டிவியில் பட்டியல் ஓடும். மறுநாள் விடிந்தால் அந்த இரண்டு முழத்தில் ஒரு பெயர் இருக்கும். நீளமான பெயர் என்றால் கடைசி எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

அந்தப் பெயரை நீங்களும் எங்களோடு சேர்ந்து டீக்கடையில் நின்றுதான் தெரிந்துகொண்டீர்கள். சுண்ணாம்பு உங்களுடையது, ஏணி உங்களுடையது, ராத்திரித் தூக்கம் உங்களுடையது. பெயர் மட்டும் எங்கிருந்தோ வந்தது. இந்த மடல் அதைப் பற்றியது.

என்னைப் பற்றி இரண்டு வரி. கல்மண்டபத்தில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் நெடுஞ்சாலை ஓரத் தொழிற்சாலை ஒன்றில் 31 வருடம் ஷிப்டு பார்த்தவன். ஒரு கட்சிக்குப் பூத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம், சொன்னால் உங்களில் பாதிப்பேர் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். சீட்டு கேட்கிற வயதும் எனக்குப் போய்விட்டது.

ஒவ்வொரு தேர்தலிலும் பட்டியல் வந்த மறுநாள் உங்களிடமிருந்து ஒரே வார்த்தைதான் கேட்கும்: ‘இறக்குமதி’. வெளியூர்க்காரனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள், நாங்கள் இத்தனை வருஷமாய்க் கொடி கட்டியது எதற்கு என்று. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது தப்பான ஆள் மேல் பாய்கிறது என்றே நினைக்கிறேன். துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறக்குமதியைத் திட்டுவதும் கொஞ்சம் வேடிக்கைதான்.

இந்தக் கரையில் வெளியாள் யார் என்று முதலில் கணக்கெடுங்கள். ராயபுரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயில் நிற்கிறது, 1910இல் கட்டியது. அந்தப் பக்கம் ஆங்கிலோ இந்தியர் வீடுகள். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், தெற்கத்திச் சீமையிலிருந்து மளிகைக் கடை போட வந்தவர்கள், ஆந்திரக் கரையிலிருந்து வலையோடு வந்தவர்கள், ஆலை வேலைக்குச் செங்கல்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பட்டினவர் குப்பங்களை விட்டுவிட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேருடைய தாத்தா வேறெங்கோ பிறந்தவர். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தபோது மேடையில் நின்ற அண்ணா காஞ்சிபுரத்துக்காரர். ராயபுரத்துக்கு அவர் வெளியூர்தானே? ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கும் முன்னால் போகலாம். 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. விதை போட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும், அக்கம்பக்கத்து மனிதர்கள். தலைவராக அவர்கள் உட்காரவைத்தது பி.பி. வாடியாவை. பம்பாய்ப் பார்சி, பிரம்மஞான சபைக்காரர். நூல் அறுந்தால் முடிச்சுப் போடத் தெரியாது, தொழிலாளியின் தமிழும் வராது. ஆனாலும் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இன்றைக்கும் சொல்லப்படுவதற்கு அவர்தான் முதல் தலைவர்.

நான் நின்று பேச விரும்புவது இன்னொருவரைப் பற்றி. எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. உங்களில் வயதான துறைமுகத்துக்காரர்களுக்குப் பெயர் தெரியும். இளையவர்களுக்குத் தெரிய வழியில்லை. யாழ்ப்பாணத்தில் 1914இல் பிறந்தவர், லண்டனில் படித்தவர், இலங்கையின் சமசமாஜக் கட்சிக்காரர். அதன் தலைவர்களில் ஒருவரான பிலிப் குணவர்தனவின் தங்கை கரோலினைக் கட்டியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடல் தாண்டி இங்கே வந்தார். ஊர் வேறு, நாடு வேறு, கட்சி வேறு. ட்ராட்ஸ்கியவாதி என்பதால் இங்கிருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் ஆகாதவர். இதைவிடப் பெரிய வெளியாள் ஒருவரைக் கற்பனை செய்யவே முடியாது. 1946இல் ஆலைத் தொழிலாளர்கள் அவரைத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த வருஷமே நூறு நாள் நீண்ட வேலைநிறுத்தம். அவர் கைதானார். பத்து வருஷம் கழித்து, 1957இல், வடசென்னைத் தொகுதியிலிருந்து சுயேச்சையாக நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார். காங்கிரஸ் அசைக்க முடியாமல் இருந்த காலம் அது. பெரிய கட்சிக் கொடி எதுவும் இல்லை, யாழ்ப்பாணத் தமிழ். அப்படியும் ஜெயித்தார். பின்னாளில் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் தலைமை அவர் கையில் வெகுகாலம் இருந்தது. என் அப்பா வீட்டில் அவர் பெயரைச் சொல்லும்போது ‘பிள்ளைவாள்’ என்பார், ஏதோ பக்கத்துத் தெருக்காரர் மாதிரி.

யாழ்ப்பாணத்துக்காரர் பக்கத்துத் தெருக்காரர் ஆனது எப்படி? கண்ணுக்குத் தெரிகிற காரணம், அவர் இங்கேயே கிடந்து உழைத்தார். இன்னொன்றை நாம் மறந்துவிடுகிறோம். நாடாளுமன்றத்துக்கு நிற்பதற்கு முன்னால் அவர் தொழிலாளிகளிடம் ஓட்டு வாங்கித்தான் சங்கத் தலைவரானார். மேலேயிருந்து யாரும் அவரை இறக்கவில்லை. அமெரிக்காவில் பிரைமரி என்கிறார்களே, கட்சிக்குள்ளேயே ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது, அதைத்தான் இந்தக் கரை வேறு பெயரில், ஆலை வாசலில் வைத்து நடத்திக்கொண்டிருந்தது.

சங்கத் தேர்தலை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உங்களில் பலர் அதில் நின்றவர்கள். எங்கள் தொழிற்சாலையில் கேன்டீன்தான் பூத். சாம்பார் வாசனைக்கு நடுவே மறைப்பு கட்டியிருப்பார்கள். ஒருமுறை எங்கள் ஆள் ஒருவரும், வெளியிலிருந்து வந்த வக்கீல் ஒருவரும் தலைவர் பதவிக்கு மோதினார்கள். எங்கள் ஆள் என் பெஞ்சுக்குப் பக்கத்து பெஞ்சு, தங்கமான மனிதர். வக்கீலோ மூன்றாம் ஷிப்டு உள்ளே போகிற நேரத்தில், ராத்திரி பதினோரு மணிக்கு, வாயிலில் நின்று போனஸ் கணக்கை வரிவரியாக விளக்கினார். நான் வக்கீலுக்குப் போட்டேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் ஜெயித்தார். ஒப்பந்தமும் நன்றாகவே போட்டார். பிறகு வாயில் பக்கம் வருவதைக் குறைத்தார், போனை எடுப்பதைக் குறைத்தார். அடுத்த தேர்தலில் அதே கேன்டீனில், அதே சாம்பார் வாசனையில், அவரைத் தூக்கி வெளியே போட்டோம். அவர் எங்கள்மேல் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

தொழிற்சங்கச் சட்டமேகூட வெளியாளை விரட்டவில்லை, அளவு வைத்தது. 2001 திருத்தத்தில், நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ, அதுவரை வெளியாட்கள் இருக்கலாம் என்றது. மற்றவர்கள் அங்கே வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும் என்றது. வெளியாளிடம் வேலை இருக்கிறது, ஆனால் சாவி உள்ளே இருப்பவன் கையில் இருக்க வேண்டும் என்பதைத்தான் சட்ட மொழியில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கட்சிகளுக்கு வருகிறேன். உங்கள் சாவி யார் கையில்?

விருப்ப மனு வாங்குகிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலுக்குத் தி.மு.க.வில் பொதுத்தொகுதிக்கு 25,000 ரூபாய், அ.தி.மு.க.வில் 15,000. 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தி.மு.க.வில் 50,000. பிறகு நேர்காணல். எங்கள் பக்கத்து அக்கா ஒருவர், தண்ணீர் லாரி வரிசையிலிருந்து பட்டா அலுவலகம் வரை தெருவுக்காக அலைந்தவர், நகையை அடகு வைத்து ஒரு கட்சியில் மனுப் போட்டார். நேர்காணலுக்கு நானும் வாசல்வரை துணைக்குப் போனேன். ஒரே தொகுதிக்காரர்களை மொத்தமாக உள்ளே அழைத்தார்கள். வெளியே நான் வாங்கிய டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். என்ன கேட்டார்கள் அக்கா என்றேன். “எவ்ளோ செலவு பண்ணுவேன்னு கேட்டாங்கப்பா. அப்பறம் எங்க சாதி ஓட்டு எத்தினின்னு கேட்டாங்க.” வேறு? “போயிட்டு வாங்கன்னாங்க.” கட்சி மேல் அவருக்கு வருத்தம் இல்லை. அடுத்த வாரமே, சீட்டு கிடைத்த இன்னொருவருக்கு வீடுவீடாகப் பூத் சிலிப் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நேர்காணலுக்கு மேலே இருப்பது ஏ படிவமும் பி படிவமும். கட்சியின் சார்பில் வேட்பாளரை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்று சொல்வது முதலாவது. இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று சொல்வது இரண்டாவது. அந்தக் கையெழுத்து இருந்தால் சின்னம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கட்சிக்காரர்கள் கலந்து பேசினார்களா, ஓட்டுப் போட்டார்களா என்று தேர்தல் அதிகாரி கேட்க மாட்டார், கேட்கச் சட்டத்தில் இடமும் இல்லை. 2016 அக்டோபரில் நம் ஆர்.கே. நகர் எம்.எல்.ஏ.வாகவும் முதல்வராகவும் இருந்த ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தார். மூன்று தொகுதித் தேர்தலுக்கான படிவங்களில் அவருடைய பெருவிரல் ரேகை வைக்கப்பட்டது. அதில் திருப்பரங்குன்றம் வெற்றி செல்லாது என்று 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் சரி தப்பை விடுங்கள். லட்சக்கணக்கான தொண்டர்களைக் கொண்ட கட்சியில் ஒரு விரல் சரியாகப் பதிந்ததா என்பதில் எல்லாமே நின்றது, அதைப் பாருங்கள். மற்றக் கட்சிகளிலும் விரல்தான் வேறு.

உட்கட்சித் தேர்தல் நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. கிளை, வட்டம், பகுதி, மாவட்டம் என்று படிப்படியாக. ஆனால் அது நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க. வேட்பாளருக்கு உங்களிடம் ஓட்டு இல்லை. வாக்காளனுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இருக்கிற உரிமைகூட, அவனை வாக்குச்சாவடிக்கு அழைத்துவரும் உங்களுக்கு இந்த விஷயத்தில் கிடையாது. அப்படியானால் உங்கள் கட்சிக்கு வெளியாள் யார்? இறக்கப்பட்டவரா, நீங்களா?

சரி, ஓட்டு இருந்தால் வெளியாளுக்கு என்ன வாய்ப்பு? எனக்குச் சில வருஷமாய் இதுவே யோசனை. உள்ளூர்க்காரர்தான் ஜெயிப்பார் என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். நான் அவ்வளவு உறுதியாக இல்லை.

நாட்டிலேயே இதைச் செய்துபார்த்தவர்கள் உண்டு. 2014 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் ராகுல் காந்தி முயற்சியில் காங்கிரஸ் கட்சி பதினைந்து சொச்சம் தொகுதிகளில் பிரைமரி நடத்தியது. ஓட்டு கட்சி நிர்வாகிகளுக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் மட்டும். மங்களூர்ப் பக்கம், தட்சிண கன்னடத்தில், யார் ஜெயித்தார்? ஜனார்த்தன பூஜாரி, எழுபது வயதைத் தாண்டிய பழந்தலைவர். புது ரத்தத்துக்காக வைத்த பந்தயத்தில் ஊரிலேயே பழைய குதிரை முதலில் வந்தது. வதோதராவில் நரேந்திர ராவத் உட்கட்சி ஓட்டில் ஜெயித்தார். மோடி அங்கே நிற்பது உறுதியானதும் அவர் ஒதுங்க, டெல்லித் தலைவர்களில் ஒருவரான மதுசூதன் மிஸ்திரி வந்தார். மங்களூரிலும் வதோதராவிலும் கட்சி தோற்றது. அது அந்த வருஷத்து அலை, பிரைமரியின் குற்றமில்லை. ஆனால் சில நூறு பேர் போடுகிற ஓட்டில் புதியவர் எழுந்திருப்பது கடினம் என்பது அங்கே தெரிந்துபோயிற்று. நூற்றுக்கணக்கான பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் முகம் உண்டு, கடன் உண்டு, மச்சான் உண்டு. கவனிப்பதும் சுலபம். தொகுதி முழுக்கக் கவனிக்க ஆகிற செலவில் நூறில் ஒரு பங்கு போதும்.

பட்டியல் பெரிதானால் கதை மாறுகிறது. பிரிட்டனில் 2015இல் தொழிற்கட்சி, மூன்று பவுண்டு கட்டுகிற ஆதரவாளருக்கெல்லாம் தலைவர் தேர்தலில் ஓட்டுக் கொடுத்தது. ஜெரமி கோர்பின் முப்பது வருஷத்துக்கு மேல் எம்.பி.; ஆனாலும் சொந்தக் கட்சிக்குள் வெளியாள். முன்மொழிய 35 எம்.பி.க்கள் வேண்டும், கடைசி நிமிஷத்தில் 36 பேர் தேறினார்கள். அதிலும் சிலர், பாவம் நிற்கட்டும் என்று கையெழுத்துப் போட்டவர்கள். அவர் 59.5 சதவீதம் வாங்கிக் கட்சித் தலைவரானார். நியூயார்க்கில் 2018இல் மதுக்கடையில் பரிமாறிக்கொண்டிருந்த அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ், பத்துமுறை ஜெயித்த ஜோ கிரவுலியைப் பிரைமரியில் வீழ்த்தினார். அங்கே பதிவான ஓட்டு முப்பதாயிரத்தைத் தொடவில்லை. அத்தனை பெரிய தொகுதியில் மற்றவர்களெல்லாம் வீட்டில் இருந்தார்கள். அசட்டையான நாளில் வெறியோடு வருகிற சின்னக் கூட்டம் ஜெயிக்கும். அதில் நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு.

பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வெள்ளையருக்கு மட்டுமே ஓட்டு என்று கட்சியே விதி வைத்திருந்தது. அந்த மாநிலத்தில் அக்கட்சி வேட்பாளர்தான் எப்படியும் ஜெயிப்பார். ஆகவே கறுப்பருக்குப் பொதுத்தேர்தலில் ஓட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். 1944இல் உச்ச நீதிமன்றம் வந்துதான் அதை உடைத்தது. தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். எங்கள் கேன்டீன் தேர்தலை மெச்சினேனே, அதில் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஓட்டு இல்லை. எங்களோடு அதே தூசியைச் சுவாசித்தவன், அதே கேன்டீனில் எங்களுக்குப் பின்னால் சாப்பிட்டவன், அன்றைக்கு வாயிலுக்கு வெளியே நின்றான். முப்பத்தொரு வருஷத்தில் அதை எதிர்த்து நான் ஒருமுறைகூடக் கை தூக்கவில்லை.

இதையெல்லாம் நம் தொகுதியில் வைத்துப் பாருங்கள். திருவொற்றியூரில் ஒரு கட்சி நாளைக்கே பிரைமரி வைக்கிறது என்று வையுங்கள். நிர்வாகிகளுக்கு மட்டும் ஓட்டு என்றால் மாவட்டம் கைகாட்டுகிறவர் வருவார். நாம் டீக்கடையில் டிவி பார்க்க வேண்டியதுகூட இல்லை. உறுப்பினர் எல்லோருக்கும் ஓட்டு என்றால், உறுப்பினர் புத்தகம் யார் வீட்டுப் பீரோவில் இருக்கிறதோ அவர் ஜெயிப்பார். அதில் செத்துப்போனவர்கள் எத்தனை, சேர்ந்ததே தெரியாதவர்கள் எத்தனை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியதே, அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதே. அதற்குப் பிறகு போராட்டப் பந்தலில் உட்கார்ந்த பெண்களில் எத்தனை பேருடைய பெயர் உங்கள் புத்தகங்களில் இருக்கும்? அந்தப் பந்தலிலிருந்து ஒரு பெண் நின்றால், எண்ணூரில் பிறந்து எண்ணூரிலேயே கிடப்பவர், உங்கள் கட்சிக்கு அவர் வெளியாள்தான். பிறந்த மண் அந்த இடத்தில் செல்லாது.

உள்ளூர் என்பதே ஓட்டைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் இறக்கிவையுங்கள். ஆர்.கே. நகர், 2017 டிசம்பர். தி.மு.க. நிறுத்திய மருதுகணேஷ் உள்ளூர்ப் பகுதி நிர்வாகி. அ.தி.மு.க.வின் மதுசூதனன் இந்தத் தொகுதியின் பழைய எம்.எல்.ஏ., தண்டையார்பேட்டையின் தெருத்தெருவாய் அறிந்தவர். எதிரே டி.டி.வி. தினகரன், டெல்டாக்காரர், கையில் அப்போதுதான் கிடைத்த குக்கர் சின்னம். தினகரன் 89,013, மதுசூதனன் 48,306, மருதுகணேஷ் 24,651, டெபாசிட் போயிற்று. டோக்கனாகக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட இருபது ரூபாய் நோட்டை நீங்கள் ஞாபகப்படுத்துவீர்கள் என்று தெரியும். ஏப்ரலில் பணப் பட்டுவாடாவால் அதே தேர்தல் ரத்தானதும் தெரியும். நோட்டு மட்டுமே நாற்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட்டால் நமக்கெல்லாம் நிம்மதிதான். நம் வேலையில் குறையில்லை என்று தூங்கலாம். 2021இல் திருவொற்றியூரில் சீமான் நின்றார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் பேசினார், 48,597 ஓட்டு வாங்கி மூன்றாவது வந்தார். அவர், தம் கட்சியின் உள்ளூர்த் தம்பிகள் கேட்டு வந்த வேட்பாளர் என்றால் எனக்கு இன்னும் சந்தோஷம். அங்கேயும் பட்டியல் மேடையிலிருந்துதான் வாசிக்கப்படுகிறது.

1989இலும் 1991இலும் வடசென்னையில் ஜெயித்த தா. பாண்டியன் உசிலம்பட்டிப் பக்கத்தவர். கை சின்னத்தில் நின்ற கம்யூனிஸ்டு. ஊரும் வெளி, கட்சியும் வெளி. இன்னொரு பக்கம் ராயபுரம் மனோ: 2011, 2016இல் ராயபுரத்தில் காங்கிரஸ் வேட்பாளர், 2024இல் வடசென்னையில் அ.தி.மு.க. வேட்பாளர். தெரு மாறவில்லை, கட்சி மாறியது. இவர் உள்ளாளா வெளியாளா? வட்டத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதற்குத்தான் ஓட்டு வேண்டும் என்கிறேன்.

நீங்கள் சொல்லப்போகிற மறுப்பு எனக்குத் தெரியும். பிரைமரி வைத்தால் தோற்றவன் உள்ளடி வேலை பார்ப்பான் என்பீர்கள். இப்போது பார்ப்பதில்லையா? பணம் விளையாடும் என்பீர்கள். விளையாடும், மறுக்கவில்லை. கூட்டணிக்குத் தொகுதி போய்விட்டால் என்ன செய்வது என்பீர்கள். அது நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. கூட்டணிக்கு விட்ட தொகுதியில் உட்கட்சி ஓட்டுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். இன்னொன்று என்னையே உறுத்துவது. 2022இல் திரு.வி.க. நகரிலிருந்து பிரியா மேயரானார். வயது 28, சென்னையின் முதல் தலித் பெண் மேயர். பதவி இடஒதுக்கீட்டில் வந்தது, ஆளைத் தலைமை முடிவு செய்தது. கட்சிக் குடும்பம்தான், ஆனாலும் மாநகரத்து வட்டச் செயலாளர்களையெல்லாம் உட்காரவைத்து ஓட்டெடுத்திருந்தால் 28 வயதுப் பெண்ணுக்குப் போட்டிருப்பீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். வட்டச் செயலாளர் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தாலே பதில் தெரியும். மேலேயிருந்து வருகிற கை சில நேரம் கீழே பூட்டிய கதவைத் திறந்திருக்கிறது. அதனால்தான் தலைமையின் அதிகாரத்தை அடியோடு பிடுங்குங்கள் என்று நான் சொல்லவில்லை.

நான் கேட்கச் சொல்வது சின்ன விஷயம். அடுத்தமுறை விருப்ப மனு வாங்கும்போது, மனுக் கொடுத்தவர்கள் எல்லோரையும் வட்டத்துக்கு ஒரு கூட்டத்தில் உங்கள் முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசட்டும். வெளியூர்க்காரரும் வரட்டும், தாராளமாய். பிறகு பெட்டி வையுங்கள். ஆறு மாதத்துக்கு முன்னாலேயே உறுப்பினர் பட்டியலை வட்ட அலுவலகச் சுவரில் ஒட்டி, செத்தவர்களை அடித்துவிட்டு, பந்தலில் உட்கார்ந்தவர்களையும் காண்ட்ராக்ட் பையன்களையும் சேர்த்துவிட்டு வையுங்கள். எண்ணிக்கையைத் தலைமைக்கு அனுப்புங்கள். தலைமை அதை ஏற்கலாம், தள்ளலாம். படிவத்தில் கையெழுத்து அவர்களுடையதாகவே இருக்கட்டும். எண்ணிக்கையை மட்டும் அதே சுவரில் ஒட்டுங்கள். ஆயிரம் ஓட்டு வாங்கியவரைத் தள்ளிவிட்டு நாற்பது ஓட்டு வாங்கியவரை நிறுத்தினால், ஏன் என்று அவர்களே வந்து சொல்லும்படி ஆகும். சட்டமன்றத்துக்கு இது பெரிய எடுப்பு என்றால் மாநகராட்சி வார்டிலிருந்து தொடங்குங்கள். திருவொற்றியூர் மண்டலத்தில் 14 வார்டு இருக்கிறது. ஒன்றில் செய்து பாருங்கள்.

எந்தக் கட்சி முதலில் செய்யும் என்று எனக்குப் பந்தயம் கட்டத் தைரியமில்லை. செய்கிற கட்சிக்குப் பூத்தில் உட்கார நான் தயார், கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டும்.

ஒரு வேண்டுகோள். பெட்டியை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்காதீர்கள். காசிமேட்டில் அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம், ஏலம் முடிந்து பெண்கள் கூடையைக் கழுவிக் கவிழ்க்க மதியம் தாண்டும். சாயங்காலம் வையுங்கள், ராத்திரி பன்னிரண்டுவரை திறந்து வையுங்கள். இரண்டாம் ஷிப்டு விட்டு வருகிறவர்களும் போட்டுவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
திருவொற்றியூர்த் தேரடியிலிருந்து,
உங்கள் சுவரை முப்பது வருஷமாய்ப் படித்துவரும் ஒருவன்